குறை இல்லை என்று எழுதிய கை

டூட்டி முடிந்து வண்டியை டிப்போவில் விட்டதும் சென்றாயன் செய்கிற கடைசி வேலை ஒரு பொய் எழுதுவது. பெரிய பொய் இல்லை. இரண்டே வார்த்தை. 'குறை இல்லை.'

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு டிபெக்ட் நோட்டு உண்டு. அன்றைக்கு ஓட்டின டிரைவர் வண்டியில் என்ன கோளாறு கண்டாரோ அதை அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மெக்கானிக் அதைப் பார்த்துச் சரிசெய்து, கீழே தன் கையெழுத்தைப் போடுவார். மறுநாள் வண்டி எடுக்கிறவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் சீட்டில் ஏற வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் கடத்தூர்ப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன அரசு பஸ் டிப்போவில், இரண்டு வருஷமாக எந்த நோட்டிலும் எந்தக் கோளாறும் ஏறவில்லை. பதினெட்டு வண்டி, பதினெட்டு நோட்டு, எல்லாப் பக்கத்திலும் குறை இல்லை, குறை இல்லை. நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஒரு தடவை ஏறி இறங்கின எவரும் அதைப் படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

சென்றாயனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "பொய்ய இவ்ளோ அழகா எழுதறதுக்கு ஒங்கள விட்டா ஆளு இல்லண்ணா" என்று கண்டக்டர் மாதப்பன் கிண்டல் செய்வார். இருவரும் பதினொரு வருஷமாக ஒரே வண்டியில் போகிறவர்கள். வண்டி எண்ணில் கடைசி இரண்டு எண் எண்பத்தேழு. அதனால் அதற்குப் பேரே எண்பத்தேழு. எண்பத்தேழில் பிரேக்கை மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும். பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டுகிற ஏர் மீட்டரின் முள் ஏறுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும், இறங்குவதற்கு எடுத்துக்கொள்ளாது. மழை பெய்தால் டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே ஒழுகும். கடத்தூரிலிருந்து தருமபுரி போய் அங்கிருந்து இண்டூர் வரைக்கும் போய்த் திரும்புகிற அந்த ரூட்டில் இதெல்லாம் சென்றாயனுக்கு மனப்பாடம். இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் முன்கூட்டியே பிடித்துக்கொள்வார். பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது.

அப்படியானால் ஏன் எழுதுவதில்லை? எழுதினால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மாற்று பாகம் வேண்டும். ஸ்டோரில் பாகம் கிடையாது, கேட்டால் பட்ஜெட் இல்லை என்பார்கள். வண்டி நின்றால் டிரிப் கட். டிரிப் கட் ஆனால் அது மாதக் கணக்கில் ஏறி மேலிடத்துக்குப் போகும். நஷ்டத்தைக் குறைக்கச் சின்ன டிப்போக்களை மூடி, பக்கத்துப் பெரிய டிப்போக்களோடு சேர்க்கப் போகிறார்கள் என்று அப்போதே பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. எந்த டிப்போவில் டிரிப் கட் அதிகமோ அந்த டிப்போதான் முதலில் போகும் என்றார்கள். யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

வழி கண்டுபிடித்தவர் ஹெட் மெக்கானிக் குப்புராஜ்தான். ஒருநாள் சாயங்காலம் டிரைவர்கள் எல்லாரையும் டீசல் பங்க் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னார்.

"இன்னிலருந்து நோட்டுல எதுவும் எழுதாதீங்கண்ணா. வாயில சொல்லுங்க. நான் பாத்துக்கறேன். நம்ம நோட்டு சுத்தமா இருந்தா எவனும் நம்ம டிப்போவத் தொட முடியாது."

அவரை மோசமான ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சொன்னபடியே பார்த்துக்கொண்டவர்தான் குப்புராஜ். டிப்போவுக்குப் பின்னால் ஓட்டம் முடிந்து துருப்பிடித்து நின்ற இரண்டு பழைய வண்டிகளிலிருந்து போல்ட்டையும் குழாயையும் கழற்றி, ஓடுகிற வண்டிகளுக்குப் போட்டார். அந்த இரண்டும் எலும்புக்கூடான பிறகு கையில் கிடைத்ததைப் போட்டார். அதுவும் தீர்ந்த பிறகு, "பாத்து ஓட்டுங்கண்ணா" என்று சொல்ல ஆரம்பித்தார்.

டிப்போ போய்விடக் கூடாது என்று எல்லாரும் பயந்தார்கள். ஆனால் சென்றாயன் பயந்த மாதிரி ஒருவரும் பயந்திருக்க மாட்டார்கள். அவருக்குத் தனிக் காரணம் இருந்தது. அது அவர் மனைவி சாலம்மாளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வேறொரு டிப்போவில் சேலம் ரூட் ஓட்டிக்கொண்டிருந்தார். தருமபுரியிலிருந்து சேலம் போக வேண்டுமானால் தொப்பூர் மலையை இறங்கியாக வேண்டும். ஒருநாள் காலையில் டோல்கேட்டைத் தாண்டி இறக்கத்தில் கால் வைத்த கொஞ்ச தூரத்திலேயே பிரேக் போய்விட்டது. முன்னால் சரக்கு லாரி, பின்னால் டேங்கர், வண்டிக்குள் ஐம்பத்தெட்டு பேர். சென்றாயன் வண்டியை மலைப்பக்கம் ஒடித்து, பாறையோடு உரசிக்கொண்டே அரை பர்லாங் இழுத்துப்போய் நிறுத்தினார். ஒரு உயிர் போகவில்லை. ஒரு அம்மாவுக்குக் கை முறிந்ததோடு சரி. சாமர்த்தியசாலி டிரைவர் என்று சால்வை போர்த்தி ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். விசாரணையில்தான் தெரிந்தது: முந்தின நாள் ஓட்டினவருக்கு ஏர் லீக் இருந்தது தெரியும். நோட்டில் 'குறை இல்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த ஆளை சென்றாயன் திட்டாத திட்டு இல்லை.

சால்வை வாங்கின மறுவாரம் மறுபடி மலை இறக்கத்துக்கு வந்தபோது அவருடைய வலது கால் நடுங்க ஆரம்பித்தது. கால் என்றால் பிரேக்கில் இருக்கிற கால். யாருக்கும் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாள் ஓட்டினார். பிறகு சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை, சொந்த ஊர்ப் பக்கம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கடத்தூர்ப் பக்கம் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். சாலம்மாளுக்கு ஜலதோஷம்கூடக் கிடையாது. "என்ன நோயாளியாக்கிட்டாரு" என்று அவள் சிரித்தாள். ஆனால் யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தச் சின்ன டிப்போவில் மலை ரூட் ஒன்றுகூடக் கிடையாது. சென்றாயனுக்கு அது டிப்போ இல்லை, ஒளிந்துகொள்கிற இடம்.

யாரைத் திட்டினாரோ அந்த ஆளின் எழுத்தையே இப்போது தானும் எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். 'நம்ம வண்டி என்ன மலையா எறங்கப் போவுது? இண்டூருக்குத்தானே போவுது' என்று மனசுக்குச் சொல்லிக்கொள்வார். மனசு கேட்கிற மாதிரி நடிக்கும்.

போன ஆடி மாதம் மேலிடத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து பதினெட்டு நோட்டையும் புரட்டினார்கள். சென்றாயன் அன்றைக்கு மத்தியானச் சோற்றைத் தொடவே இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது மூத்த அதிகாரி, "இந்த மாதிரி சுத்தமான ரெக்கார்ட நான் வேற எங்கயும் பாத்ததில்லை" என்று மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குப்புராஜ் தன் கைக்காசில் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். சென்றாயன் மூன்று தின்றார். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்குப் பசித்தது.

நாலு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததைக் குப்புராஜ் சத்தம் போட்டுப் படித்தார். மாதப்பனைப் போல எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கே புரிகிற ஆர்டர்தான். இந்தக் கிளையின் வண்டிகளில் இரண்டு வருஷமாகக் குறை ஏதும் பதிவாகவில்லை. ஆகவே இங்கே ஒர்க்‌ஷாப்பும் மெக்கானிக்குகளும் தேவையற்ற செலவு. ஒர்க்‌ஷாப் இல்லாத இடத்தில் டிப்போவும் தேவையில்லை. பதினெட்டு வண்டிகளும் ஆட்களும் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஹைவே ஓரம் இருக்கிற பெரிய டிப்போவோடு சேர்க்கப்படுகிறார்கள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம் இல்லையா, அதுதான் இது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர்கள் வாயைத் திறக்காமல் கெட்டார்கள். குப்புராஜ் அந்தக் காகிதத்துக்கு முன்னாலேயே ரொம்ப நேரம் நின்றார். பிறகு டூல் பெட்டியைப் பூட்டி, சாவியை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். அவரை ஓசூர்ப் பக்கம் தூக்கியடித்தார்கள். சென்றாயன் அவரைப் போய்ப் பார்க்க நினைத்தார். போய் என்ன பேசுவது என்று தெரியாமல் போகவில்லை.

பெரிய டிப்போவில் முதல் டூட்டி காலை ஐந்தரைக்கு. அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர பஸ் கிடையாது. முன்பு காலையில் முதல் பஸ் இவர்கள் ஊர் டிப்போவிலிருந்து கிளம்பும், இப்போது அதுவும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பஸ் ஓட்டப் போகிற ஆள் பஸ் இல்லாமல் மொபெட்டில் முப்பது கிலோமீட்டர் போக வேண்டியதாயிற்று. ஐம்பத்தெட்டு வயது சென்றாயனுக்கு. ரிட்டயர் ஆக இன்னும் பதினாறு மாதம். மொபெட் கஷ்டத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. டவுனுக்குள்ளேயே சுற்றுகிற ரூட் எதையாவது கொடுத்துவிட்டால் போதும், மொபெட் என்ன, நடந்தேகூட வருவேன் என்று தினமும் வேண்டிக்கொண்டு போனார்.

ஒன்பதாவது நாள் பெரிய டிப்போ மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் சென்றாயனின் பழைய பைல் திறந்து கிடந்தது. அதன் மேலே அந்தச் சான்றிதழின் நகல்.

"ஒங்களப் பத்தி எனக்குத் தெரியாமப் போச்சுங்களே! தொப்பூர்ல பஸ்ஸக் காப்பாத்தின ஆளு நீங்கதானா? இந்த மாதிரி ஆள வெச்சிக்கிட்டு டவுன் பஸ் ஓட்டச் சொல்றதா? நாளைலருந்து காலைல ஆறு பத்து சேலம் ஒங்களுக்குத்தான்."

சென்றாயன், "எந்த வண்டிங்க சார்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒங்க வண்டிதான். எம்பத்தேழு. நோட்டப் பாத்தேன். ரெண்டு வருசத்துல ஒரு குறை இல்ல. எங்க வண்டி எதுவும் ரெண்டு வருசம் அந்த மாதிரி இருந்ததில்லைங்க."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாலம்மாள் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுக் கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

"சேலம் ரூட்டு போட்டுட்டாங்க" என்றார்.

அவள், "எந்த வண்டியில?" என்று அவர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"எம்பத்தேழு."

"அதுல பிரேக்கு சரியில்லைன்னு தெனமும் நீங்கதானங்க பொலம்புவீங்க?"

"நோட்டுல அப்படி இல்லியே."

"நோட்டுல இல்லைன்னா மலைக்குத் தெரியாமப் போயிடுமா?"

சாலம்மாள் கேனைக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்கு எழுதிடுங்க. எல்லாத்தையும் எழுதிடுங்க."

"எழுதினா, இத்தினி நாளா ஏன் எழுதலன்னு கேப்பாங்க. பொய் எழுதினேன்னு மெமோ குடுப்பாங்க. ரிட்டயர் ஆவற நேரத்துல பென்சன்ல கைய வெச்சிட்டாங்கன்னா?"

"பென்சன் வாங்கறதுக்கு ஆளு வேணுமில்லீங்களா?" என்றாள் அவள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

காலையில் மொபெட்டில் போகும்போது வழி முழுக்க அவர் மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. எழுதினால் பென்ஷன். எழுதாவிட்டால் மலை. அவர் ஒருவர் மட்டும் என்றால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிடலாம். ஐம்பது பேர் ஏறுவார்களே! அந்தக் கை முறிந்த அம்மா வலியோடேயே, "சாமி மாதிரி காப்பாத்தினப்பா" என்று அவரைக் கும்பிட்டது ஞாபகம் வந்தது. அதுதான் அவரைத் தூங்கவிடாத ஞாபகம். காப்பாற்றினது பெரிதில்லை, கும்பிட்டதுதான் பெரிது. இன்றைக்குத் தானே ஐம்பது பேரை மலையில் ஏமாற்றப் போகிறோமா என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. மார்கழிக் குளிரில் வேர்த்தது.

டிப்போவில் எண்பத்தேழின் நோட்டைக் கேட்டு வாங்கினார். பேனாவை எடுத்ததைப் பார்த்து அந்த டிப்போ மெக்கானிக் முனியப்பன் பக்கத்தில் வந்தார். நல்ல மாதிரியான ஆள், முகத்திலேயே தூக்கமின்மை தெரியும்.

"என்னங்கண்ணா, எதாவது இருக்குதா? எழுதாதீங்க. வாயில சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்த லிஸ்ட்டுல நம்ம டிப்போவும் இருக்குதுன்னு சொல்றாங்க. நம்ம நோட்டு சுத்தமா இருந்தா எவனும் தொட முடியாது."

சென்றாயன் அவரையே பார்த்தார். வார்த்தைக்கு வார்த்தை குப்புராஜ்.

"தம்பி, எழுதாம இருந்துதான் எங்க டிப்போ போச்சு" என்றார்.

பிறகு எழுதினார். பிரேக் இடது பக்கம் இழுக்கிறது. பின் சக்கர லைனிங் தேய்ந்துவிட்டது. ஏர் லீக், இரண்டு இடம். ஸ்டியரிங்கில் ஆட்டம். ஹேண்ட் பிரேக் பிடிப்பதில்லை. வைப்பர் ஓடாது. மேலே ஒழுகல். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. பதினொன்று ஆயிற்று. கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டார். அதே முத்து முத்தான கையெழுத்து. முந்தின பக்கத்து 'குறை இல்லை'க்கும் இதற்கும் ஒரு நெளிவு வித்தியாசம் இல்லை.

முனியப்பன் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மேனேஜர் வந்தார்.

"நேத்து வரைக்கும் ஒண்ணும் இல்லாத வண்டிக்கு ஒரே ராத்திரில பதினோரு கோளாறு வந்துடுச்சா?"

"இல்லீங்க சார். ரெண்டு வருசமா இருக்குது."

"அப்ப ரெண்டு வருசமா எழுதினது?"

"பொய்யிங்க சார்."

சுற்றி நின்ற டிரைவர்களில் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். மேனேஜருக்கு முகம் சிவந்தது, ஆனால் சத்தம் போடவில்லை. நோட்டை மூடி, கையோடு வைத்துக்கொண்டார். "மெமோ வரும். பதில் எழுதி வெச்சிக்கங்க. இந்த வண்டிய நிறுத்துங்க."

சென்றாயனுக்குத் தலையிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. வண்டி நின்றுவிட்டது. டிரிப் கட். இன்றைக்கு மலை இல்லை. மெமோ நாளைக்கு வரட்டும், அடுத்த வாரம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று சட்டைப் பையில் கை விட்டார்.

"ஆறு பத்துக்கு ஜனம் நிக்குது" என்றார் மேனேஜர். "ஸ்பேர் வண்டி இருக்குதில்ல, அத எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

ஸ்பேர் வண்டி! பதினெட்டு வண்டி டிப்போவில் அப்படி ஒன்று இருந்ததே கிடையாது, அதனால் அவர் நினைக்கவே இல்லை. முனியப்பன் ஸ்பேர் வண்டியின் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். சென்றாயன் திறந்து பார்த்தார். 'குறை இல்லை.' முந்தின பக்கம், 'குறை இல்லை.' அதற்கு முந்தின பக்கமும் அதே. கையெழுத்து அன்பு என்று இருந்தது. எழுத்து கிறுக்கலாக, அவசரமாக இருந்தது.

இதை நம்பலாமா கூடாதா? உலகத்திலேயே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுந்த ஆள் சென்றாயன்தான். அவராலேயே சொல்ல முடியவில்லை. பொய்யாக எழுதின 'குறை இல்லை'யும் மெய்யாக எழுதின 'குறை இல்லை'யும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

"நல்ல வண்டிங்கண்ணா" என்றார் முனியப்பன். குப்புராஜும் எல்லா வண்டியையும் நல்ல வண்டி என்றுதான் சொல்வார்.

இன்னொரு தடவை மறுக்க முடியாது. என்ன காரணம் சொல்லி மறுப்பார்? நோட்டில் குறை இல்லை. சென்றாயன் ஏறினார். மாதப்பனும் ஏறினார். பஸ் ஸ்டாண்டில் ஐம்பதுக்கு மேல் ஜனம் ஏறிற்று. காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மடியில் கைக்குழந்தையோடு முதல் சீட்டில் ஒரு பெண். கண்ணாடியில் அந்தக் குழந்தையின் தலை தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

டோல்கேட் வந்தது. தாண்டினதும் ஒலிபெருக்கியில் போலீஸ்காரர் குரல்: இறக்கத்தில் நியூட்ரலில் வராதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். அதைக் கேட்டதும் வலது கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒருநாள்கூடத் தவறாமல் காத்திருந்த மாதிரி ஆரம்பித்தது. சென்றாயன் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டார். இன்ஜின் அலறியது. வண்டி ஊர்ந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

மாதப்பன் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட இருந்த இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்காதவர், இப்போதும் கேட்கவில்லை. "மெதுவாவே போங்கண்ணா. நமக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று மட்டும் சொன்னார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியுமோ!

"டிரைவர் சார், எருமை மாடு நம்மள முந்திக்கிட்டுப் போவுது" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள். சென்றாயன் காதில் எதுவும் விழவில்லை. முதல் வளைவு வந்தது. மிதித்தாக வேண்டும். நடுங்குகிற காலை இடது கையால் தொடையில் அழுத்திக்கொண்டு மிதித்தார். வண்டி பிடித்தது. இடது பக்கம் இழுக்கவில்லை. அவர் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் ஒடித்து வைத்திருந்த ஸ்டியரிங்தான் வண்டியைக் கோணலாக்கியது. சட்டென்று நேராக்கினார். ஏர் மீட்டரைப் பார்த்தார். முள் இறங்கின வேகத்தில் ஏறி நின்றது.

நம்பவில்லை அவர். அடுத்த வளைவிலும் நம்பவில்லை. இரட்டைப் பாலம் வரைக்கும் ஒவ்வொரு மிதியிலும் இந்த மிதியில் போய்விடும், இந்த மிதியில் போய்விடும் என்றே எதிர்பார்த்தார். போகவில்லை. தொப்பூர் ஸ்டாப்பிங்கில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழக்கமாக இறங்குகிற நேரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது.

பிரேக் நன்றாக இருந்தது. ஸ்டியரிங் நன்றாக இருந்தது. அந்த அன்பு என்கிற ஆள், யாரென்றே தெரியாத ஆள், உண்மையைத்தான் எழுதியிருக்கிறான். இந்த டிப்போவிலும் வாயில் சொல்கிற வழக்கம் இருந்தும், குறை இல்லாத நாளில் குறை இல்லை என்று எழுதியிருக்கிறான். அதை நம்பாமல் அரை மணி நேரம் உயிரோடு செத்தது சென்றாயன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. அவருக்கு வெட்கமாக இருந்தது. தான் லீவு போட்ட நாட்களில் எண்பத்தேழின் நோட்டைப் படித்துவிட்டு நம்பி ஏறின மாற்று டிரைவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். ஆறேழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் முகமாக ஞாபகம் வந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து வண்டியை டிப்போவில் விட்டார். மேஜையில் அவர் பேருக்கு மெமோ காத்திருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்பேர் வண்டியின் நோட்டைத் திறந்தார். நிறைய நேரம் யோசித்தார். கடைசியில் அதே இரண்டு வார்த்தைதான் எழுத வேண்டியிருந்தது. குறை இல்லை. அது போதாது என்று தோன்றியது. கீழே, 'நானே மலை இறக்கிப் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மதிய டூட்டிக்கு வண்டி எடுக்க வந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். நோட்டை வாங்கிப் பார்த்தவன் காலையில் நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டிருப்பான் போல, சென்றாயனை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணா, நான் அன்பு" என்றான். "தப்பா நெனச்சிக்காதீங்க. இது எழுத்துக்கா, நெசத்துக்கா?"

சென்றாயன் தப்பாக நினைக்கவில்லை. "நெசத்துக்குத்தாம்பா" என்றார்.

அன்பு தலையாட்டினான். பிறகு சீட்டில் ஏறி, இன்ஜினைப் போட்டு, ஏர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.